பிரெடரிக் டக்ளஸின் குலமுறை

பெரியோர் சரித்திரம் வரையப் புகுவோர், அவர்தம் குலமும், பெற்றோர் பெயரும், பிறந்த நாளும் முதற்கண் கூறுதல் மரபு. தம் சரித்திரத்தைத் தாமே எழுதியும் இம்மரபின்படி தொடங்க இயலாத பெரியார் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே வாழ்ந்தனர். அவரே பிரெடரிக் டக்ளஸ் என்பார். அவர்தம் குலமுறை பின்னர் விளங்கிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மேரிலாந்து மாகாணத்து டால்பட் ஜில்லாவில் அடிமையாய்ப் பிறந்த அவருக்குத் தாய் ஹாரியட் பெய்லி இட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது. தந்தை வெள்ளையர் ஒருவர் என்ற அளவே அவர் அறிந்தது. மழலைப் பருவத்திலேயே தாயினின்றும் பிரிக்கப்பெற்று, பாட்டி பெட்ஸியின் குடிசையில் வளர்ந்தார். வேறிடத்து வயலில் பகலெல்லாம் உழைத்த தாய், சிற்சில இரவுகளில் 12 மைல் நடந்து வந்து மகனைத் துயிற்றி, அவன் விழிக்குமுன் மீண்டு செல்வாள். அவருக்கு ஏறக்குறைய ஏழு வயதாகும்போது அத்தாயும் மாண்டாள்.

1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் பால்டிமோரினின்று தப்பி வடநாடு சேர்ந்தார். பிடிபடாதிருத்தற்பொருட்டுத் தாய்வழிப் பெயரையும் துறந்து, டக்ளஸ் ஆயினார். நாவன்மையாலும், 1845-இல் வெளியிட்ட சுயசரிதத்தாலும், 1847-இல் தொடங்கிய நார்த் ஸ்டார் பத்திரிகையாலும் அடிமை முறையை எதிர்த்துப் பெரும் புகழ் எய்தினார். ஆயினும், தம் வயதறியாக் குறை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1877-இல், நோயுற்றுக் கிடந்த பழைய எஜமானர் தாமஸ் ஆல்டைக் காணச் சென்றபோதும் அதனையே வினவினார். 1818 பிப்ரவரி என்று அவர் விடை பகர்ந்தார். தாம் எண்ணியிருந்ததினும் ஓராண்டு இளையவர் என அன்று டக்ளஸ் கேட்டறிந்தார்.

1895-இல் டக்ளஸ் மறைந்தார். அவருடைய முதல் எஜமானர் ஆரன் அந்தோணியின் கணக்கேட்டை ஆராய்ந்து டிக்சன் பிரெஸ்டன் என்பார் 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஹாரியட்டின் மகன் பிரெடரிக் 1818 பிப்ரவரியில் பிறந்தமை அவ்வேட்டிலும் காணப்பட்டது. பாட்டி பெட்ஸி பிறந்தது 1774-இல். அவளுக்கும் முன்னே, 1701-ஐ ஒட்டிப் பிறந்த பேலி என்னும் முன்னோர் வரை அக்குலம் அதே மண்ணில் வேரூன்றியிருந்தமையும் புலனாயிற்று.

மாந்தரை ஆடுமாடுகளோடொப்ப உடைமையெனக் கணக்கிட எழுதிய ஏடே, அவர்தம் குலமுறை காட்டும் ஏடாய் முடிந்தது. கல்லூரியிற் சேரும் நாளில் பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் நாம் ஒரு கணமும் சிந்தியாது எழுதிக் கொடுக்கின்றோம். அவ்விரண்டு வரிகளின் அருமையை உணர்தற்கேனும் டக்ளஸின் சரிதத்தை நாம் பயிலல் தகும்.