நன்றிக்கடன் மௌனமன்று: ஃபிஸ்க் மாணவர் டு பாய்ஸ்

1885இல் மாசசூசெட்ஸிலிருந்து நாஷ்வில் வந்த டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ், கிறித்தவ மிஷனரிகள் நிறுவிய சிறிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம்மையொத்த கறுப்பின மாணவர் திரளை அங்கேதான் முதன்முதலாகக் கண்டார். ‘ஃபிஸ்க் ஹெரால்டு’ மாணவர் இதழின் ஆசிரியரானார். கோடை விடுமுறைகளில் டென்னசி கிராமங்களின் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். 1888இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டோ அப்பட்டத்தை இணையாக ஏற்காமல், இளங்கலை மூன்றாமாண்டிலேயே மீண்டும் அமர்த்தியது.

1924இல் ஃபிஸ்க் மேடையிலேயே, மாணவர் பேரவையைக் கலைத்து அவ்விதழையும் முடக்கிய வெள்ளையினத் தலைவர் மெக்கென்சியின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடினார். மறு ஆண்டு மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மெக்கென்சி பதவி விலகினார்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதவழித் தோழமை நாடியது இந்த டு பாய்ஸிடமே. கற்பித்த நிறுவனத்தின் அடக்குமுறையை எதிர்ப்பதும் அதற்குச் செலுத்தும் நன்றியே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.