நாவலரும் சொல்லிடைவெளியும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் செய்த சைவப்பணியை ஆசிரியர் யாவரும் அறிவர். அச்சுக்கோப்பிலே அவர் செய்த உபகாரமோ பலரால் எண்ணப்படுவதில்லை.

ஏட்டுச்சுவடியிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படாது. காலும் ரகரமும் ஒரு வடிவாகவே நிற்கும். வருடம், மாதம், மேற்படி என்பன ஒவ்வொரு குறியாய்ச் சுருங்கி எழுத்து வரிசையினுள்ளே மறைந்து கிடக்கும். செய்யுளாயின் யாப்பும் எதுகையும் வழிகாட்டும், வசனத்துக்கு அத்துணையுமில்லை. முன்னரே பாடங் கேளாத பிள்ளை அதனை எங்ஙனம் வாசிக்கும்?

நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, பார்சிவல் பாதிரியாரது பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். ஆங்கில வசனத்தின் குறியீடுகளில் நன்கு பழகியவர். 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மாணாக்கர்க்கு ஏற்ற புத்தகங்கள் வேண்டியிருந்தமையால், 1849இலே சென்னை சென்று அச்சியந்திரங் கொண்டுவந்தார். நாவலர் என்னும் பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்திலே கிடைத்ததும் அவ்வாண்டிலேயாம்.

எழுத்துக்கோப்போர்க்கு இடைவெளி வெறுமையன்று. எழுத்தினும் உயரங்குறைந்த ஈயத்துண்டு ஒன்றை எடுத்து வைத்தலேயாம். அதனை வைக்குமிடத்தை இலக்கணம் அறிந்தவரே துணிதல் வேண்டும். பாலபாடங்களிலும், 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்திலும் நாவலர் கடுஞ்சந்திகளைப் பிரித்து, சொற்களை இடைவிட்டு, நிறுத்தக்குறிகளை இட்டார். இதனாற் சிறுவர் தாமாகவே வாசிக்கலாயினர்.

1861இலே திருக்குறட் பரிமேலழகருரையையும் பதிப்பித்த அவர், 1879ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மகநாளிலே சிவபதம் அடைந்தார்.