கதர் உடுத்திய ரஸாயன நிபுணர்

கோவில்பட்டிக் கரிசல் மண்ணின் மணிச்சத்தைப் பரீட்சிப்போர், மாலிப்டினம் என்ற உலோகத்தின் கூட்டால் தோன்றும் நீல நிறத்தைக் கொண்டு அளவிடுகின்றனர். அந்நிற முறையை இரத்தப் பரீட்சைக்கென்று செம்மை செய்து 1925-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

1895-ல் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் கதர் உடுத்திப் பயின்றார். ஆங்கிலேய ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். தாழ்ந்த பட்டமே கிடைத்தது. அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் அம்முறையால் தசையை ஆராய்ந்து, அதன் சக்திக்கு ஆதாரமான பாஸ்பரஸ் பொருள்களைக் கண்டார். அவற்றுள் தலையாய ஏ.டி.பி.யைக் கையாளும் என்ஸைம்களுக்கு மக்னீஷிய உலோகத்தின் துணை இன்றியமையாதது. பின்னர் லெடர்லி ஆராய்ச்சிசாலையில், இரத்தசோகை தீர்க்கும் போலிக் அமிலம் அவர் தலைமையிலேயே உருவாயிற்று. 1948 ஆகஸ்டில் காலமானார்.

உடையைக் கண்டு தகுதியை அளந்தனர் அன்று. மானத்தை விடாமலும் மேதையாகலாம் என்பதை நமது கரிசல் நாட்டு மாணவர் அறிவாராக.