அளவுகோல் தந்த அறிஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உழவர்கள் கோதுமைச் சாகுபடியைக் குறைத்துக்கொண்டு கறவை மாடு வளர்ப்பில் ஈடுபட்டனர். அவர்கள் கொணர்ந்த பாலுக்கு ஆலைகள் எடையை மட்டுமே பார்த்து விலை கொடுத்தன. கொழுப்பு மிகுந்த பாலுக்கும் நீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை கிடைத்தது. ஏமாற்றியவர் ஈட்டினார், நேர்மையாளர் இழந்தார். இந்நிலையை மாற்றியவர் வேளாண் வேதியியல் அறிஞர் ஸ்டீபன் மோல்டன் பாப்காக்.

1843ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பாப்காக், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1890இல் பாலின் கொழுப்பை அளக்கும் எளிய சோதனையை அவர் வெளியிட்டார். பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பு நீங்கலாகப் பிற திடப்பொருள்கள் கரைந்துவிடும். அக்கலவையை மையவிலக்குப் பொறியில் சுழற்றி வெந்நீர் சேர்த்தால், கொழுப்பு பிரிந்து குப்பியின் குறுகிய கழுத்துக்கு உயரும். அங்குள்ள அளவுக்கோடுகள் கொழுப்பின் விழுக்காட்டைக் காட்டும். ஆய்வகப் பயிற்சி இல்லாதவரும் இதனைச் செய்ய இயலும்.

அதன்பின் தரத்திற்கேற்ற விலை கிடைத்தது. நீர் கலப்பதால் பயனில்லாமற்போனது. மாட்டுக்கொட்டிலிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்து, சோதித்து, ஏட்டில் பதிந்த உழவர்கள், தின்னும் தீவனத்திற்கும் ஈடுசெய்யாத மாடு எதுவென அறிந்தனர். தோற்றத்தைக் கண்டு மதிப்பிடுவதை விடுத்து, நல்ல கறவைகளின் கன்றுகளைத் தேர்ந்து வளர்த்தனர். அதே தீவனத்தில் மிகுந்த பால் பெற வழி பிறந்தது.

அளவீட்டை எளிதாக்கிய பாப்காக், அதன் எல்லையையும் உணர்ந்திருந்தார். வேதியியல் கணக்கில் சமமான தீவனங்கள் மாட்டின் உடலுக்கும் சமமானவையா என்னும் ஐயம் அவருக்கு நெடுநாள் இருந்தது. அவருடைய எண்ணத்தைப் பின்பற்றி, 1907இல் சக ஆய்வாளர்கள் 16 கிடேரிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். மக்காச்சோளம், கோதுமை, ஓட்ஸ், இம்மூன்றின் கலவை எனத் தனித்தனித் தீவனம் அளித்தனர். கணக்கில் அனைத்தும் சமமே. ஆயினும் மக்காச்சோளம் உண்டவை வலிய கன்றுகளை ஈன்றன. கோதுமை உண்டவற்றின் கன்றுகள் பிழைக்கவில்லை. அந்தக் கணக்கில் அடங்காத சத்து எதுவெனத் தேடிய முயற்சி, 1913இல் அப்பல்கலைக்கழகத்திலேயே வைட்டமின் ஏ கண்டறியப்பட வழிவகுத்தது.

பெரும்பொருள் ஈட்டித் தந்திருக்கக்கூடிய தம் பால் சோதனைக்குப் பாப்காக் காப்புரிமை பெறவில்லை. எவரும் பயன்படுத்துமாறு அதனை உலகுக்கு வழங்கினார். அவர் 1931இல் மறைந்தார். பாலின் கொழுப்பை அளந்து விலை நிர்ணயிக்கும் நடைமுறை இன்று நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் தொடர்கிறது. கருவிகள் மாறியுள்ளன, உழைப்புக்கேற்ற விலையை உறுதிசெய்யும் நோக்கம் மாறவில்லை.