மிளகு நாட்டு மன்னர் மார்த்தாண்டவர்மர்

பொன்னுக்காகவும் மண்ணுக்காகவும் போர்கள் நிகழ்ந்தன என்பதை யாவரும் அறிவர். மிளகுக்காகப் போர் நிகழ்ந்தது என்று கூறின் நம் சிறார்கள் நகைக்கக்கூடும். நம் இல்லங்களில் அஞ்சறைப் பெட்டியின் ஓர் அறையில் அடங்கிக் கிடக்கும் அக்கருமணியின் பொருட்டே கடல் கடந்து கப்பல்கள் வந்தன, கோட்டைகள் எழுந்தன, அரசுகள் சாய்ந்தன. அங்ஙனம் வந்தவர்களுள் ஒருவராகிய ஒல்லாந்தரைத் தம் கரையிலே தோற்கச் செய்து, மிளகு வாணிகத்தைத் தம் அரண்மனைப் பண்டகசாலைக்குள் கொணர்ந்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவருடைய போர்களைப் பலர் எழுதியுள்ளனர். நாம் அவருடைய தராசையே முதன்மையாக நோக்குவோம்.

மிளகும் மலையாளக் கரையும்

மிளகு ஒரு கொடி. பலா, மா, முருக்கு முதலிய மரங்களைப் பற்றிப் படர்வது. தென்மேற்குப் பருவமழையில் பூத்து, மார்கழி முதல் மாசி வரையில் பறிப்புக்கு வரும். பறித்த பச்சை மணிகளை வெயிலில் உலர்த்தினால் தோல் சுருங்கிக் கறுக்கும். மூன்று பங்கு பச்சை மிளகு காய்ந்து ஏறத்தாழ ஒரு பங்காகும். ஆதலின் நிறுக்கும் நாளில் குடியானவன் தன் உழைப்பில் இரண்டு பங்கை வெயிலுக்குக் கொடுத்துவிட்டே நிற்கின்றான். எஞ்சிய ஒரு பங்கையும் அவன் தன் விருப்பப்படி விற்க இயலாது. மழைக்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய முன்பணம், விலையை முன்னரே தீர்த்துவிட்டிருக்கும்.

இவ்வாறு சேர்ந்த மிளகு ஓடங்களில் காயல் வழியாகவும், தலைச்சுமையாகவும், பொதிமாடுகளாலும் துறைமுகம் சேரும். அங்கே கண்டி கண்டியாக நிறுக்கப்படும். ஒரு கண்டி ஏறத்தாழ ஐந்நூறு ராத்தல் எடை. 1498-இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தது முதல் இவ்வாணிகத்திற்கு ஐரோப்பியரிடையே போட்டி எழுந்தது. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்தம் முறை யாதெனில், கரையிலுள்ள சிற்றரசர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகைத் தமக்கு மட்டுமே, தாம் குறித்த விலைக்கே விற்கவேண்டும் என்று கட்டுப்படுத்துவதாகும். ஆங்கிலேயர் அஞ்சுதெங்கிலும், பிரெஞ்சுக்காரர் மாகியிலும் இருந்து கூடுதல் விலை தர முன்வந்தபோதும், கட்டுண்ட அரசர்கள் கைகட்டி நிற்கவேண்டியதாயிற்று. சிற்றரசர் பலராய்ப் பிரிந்திருந்தமையே ஒல்லாந்தருக்கு வாய்த்த பெரும் மூலதனம்.

இளமையில் பட்ட இடர்கள்

இந்நிலையில் 1706-இல் வேணாட்டு அரச குடும்பத்தில் மார்த்தாண்டவர்மர் தோன்றினார். மருமக்கள் வழி உரிமையின்படி, மாமனாராகிய இராமவர்மருக்குப் பின் அரியணை ஏறவேண்டியவர் இவரே. ஆனால் அந்நாளில் வேணாட்டு அரசர் பெயரளவிலேயே அரசர். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் பெருநிலக்கிழார் வரி தண்டும் உரிமையையும், எட்டரையோகம் என்னும் குழு பத்மநாபசுவாமி கோயிலின் ஆட்சியையும் தம் கையில் வைத்திருந்தனர். அரசரின் கருவூலம் வறண்டிருந்தது. படை திரட்டப் பணம் இல்லை. 1726-இல் திருச்சிராப்பள்ளி நாயக்க அரசிடமிருந்து கூலிப்படை வரவழைக்க ஏற்பாடு செய்யும்படி மாமனாரைத் தூண்டியவர் இளவரசரே என்பர்.

தம் உயிருக்குக் குறி வைத்த பகைவர்களிடமிருந்து தப்ப அவர் மாறுவேடத்தில் ஊர் ஊராக அலைந்தார் என்றும், நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்றும் அந்நாட்டார் இன்றும் சொல்வர். அலைந்த அந்நாட்களில் அவர் கண்ட நாடு எத்தகையது? மலையடிவாரமெங்கும் மிளகுக் கொடி. துறைகளிலெல்லாம் பிறர் பண்டகசாலை. செல்வம் விளையும் நாட்டில் அரசன் வறியவனாயிருப்பதன் காரணத்தை அவர் அங்கேயே உணர்ந்திருத்தல் கூடும் என்று நாம் கருதுகின்றோம்.

1729-இல் அவர் அரியணை ஏறினார். மாமனாரின் மக்களாகிய தம்பிமார் இருவர் உரிமை கோரிக் கிளர்ந்தனர். நாகர்கோவிலில் அவர்கள் மாண்டனர். எட்டுவீட்டில் பிள்ளைமார் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் மீனவர்களிடம் ஒப்புவிக்கப்பட்டனர். மன்னரின் பெருமையைச் சொல்லப் புகுந்த நாம் இதனை மறைத்தல் அறமாகாது. பெரியோர் வரலாற்றைக் குறைபாடு நீக்கிச் சொல்வது அவரைப் பொம்மையாக்குவதே அன்றி வேறன்று.

பின்னர் அவர் பார்வை வடக்கே திரும்பியது. கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்குங்கூர், வடக்குங்கூர் என்று அவர் அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்ட நாடுகளின் வரிசையை நோக்குமின். மிளகு விளையும் மலையடிவாரமும், அது இறங்கும் காயல் துறையும் அவ்வரிசையில் அடங்கிவிடும்.

ஒல்லாந்தரோடு பகை

இதனை ஒல்லாந்தர் நன்கு உணர்ந்தனர். இலங்கையில் அவர்தம் ஆளுநராயிருந்த வான் இம்ஹோப் 1739-இல் நேரில் வந்து மன்னரைக் கண்டு, அண்டை நாடுகளைத் தாக்குவதை நிறுத்தாவிடில் திருவிதாங்கூர் மீது படையெடுப்பதாக அச்சுறுத்தினார். அதற்கு மன்னர், அங்ஙனம் நேரின் தாம் காடுகளுக்குள் சென்று தப்ப இயலும் என்றும், தாமும் தம் மீனவர்களைக் கொண்டு ஐரோப்பா மீது படையெடுக்க எண்ணியிருப்பதாகவும் விடை கூறினார் என்பர்.

1741-இல் ஒல்லாந்தர் இளையிடத்துச் சொரூபம் என்னும் கொட்டாரக்கரை நாட்டின் இளவரசியை அரியணையில் அமர்த்தினர். மன்னர் அந்நாட்டைத் தாக்கிக் கைப்பற்ற, அவ்வரசி கொச்சிக்கு ஓடி ஒல்லாந்தரின் உதவிப் பணத்தில் வாழலானாள். சினங்கொண்ட ஒல்லாந்தர் இலங்கையினின்றும் படையைக் கொணர்ந்து குளச்சலில் இறக்கினர். குளச்சல் முதல் கோட்டாறு வரையிலுள்ள கடற்புறத்து ஊர்கள் அவர் வசமாயின. தலைநகராகிய பத்மநாபபுரமும் அச்சத்திற்குள்ளாயிற்று.

வடக்கே போரில் ஈடுபட்டிருந்த மன்னர் விரைந்து தெற்கே வந்தார். தளவாய் இராமய்யன் படை திரட்டினார். சாவகத்தில் 1740-இல் எழுந்த சீனர் கலகத்தால் அங்கிருந்து ஒல்லாந்தருக்குப் போதிய துணைப்படை வரவில்லை. முற்றுகையில் அவர்தம் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. 1741 ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தனர். சிறைப்பட்டவர்களுள் ஒருவர் தெலனாய் என்னும் படைத்தலைவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அளித்தார். அவர் வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்று, 1777-இல் இறக்கும் வரையில் அந்நாட்டுக்கே உழைத்தார். பகைவனிடமுள்ள கலையைப் பகைவனோடு புதைத்துவிடாமல் எடுத்துக்கொள்ளும் இவ்வறிவே பின்னர் வாணிகத்திலும் மன்னருக்குத் துணை நின்றது.

அரண்மனைப் பண்டகசாலை

ஒல்லாந்தர் நூறாண்டுகளாகச் செய்து வந்தது யாது? விளைவோரிடம் ஒரே விலைக்கு வாங்கி, வாங்குவோருக்குத் தாமே ஒரே விற்பனையாளராய் நின்றதுதான். அதனையே அரசு செய்தால் ஆதாயம் அரசுக்கு வாராதோ என்று மன்னர் எண்ணினார். 1743-ஆம் ஆண்டளவில் மிளகு அரசின் தனியுரிமைச் சரக்காயிற்று. குடிகள் தம் மிளகை அரசுக்கே விற்றல் வேண்டும். அயலார் அரசிடமே வாங்கல் வேண்டும். புகையிலை, பாக்கு முதலியனவும் இம்முறைக்குள் வந்தன.

இதனை நடத்திக் காட்டியவர் இராமய்யன் தளவாய். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஏர்வாடியில் ஓர் எளிய அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர் என்பர். அரண்மனையில் சிறு பணியில் அமர்ந்து, 1737-இல் தளவாயாக உயர்ந்தவர். மாவேலிக்கரையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, நாடெங்கும் பண்டகசாலைகளை எழுப்பினார். வழிகளில் சவுக்கை என்னும் சுங்கச்சாவடிகள் அமைந்தன. இவ்வாணிகத்தை மேற்பார்க்கும் அதிகாரிக்கு மிளகு மடிசீலைக் காரியக்காரர் என்று பெயர். அரசின் மடிச்சீலையில் முடியப்படும் பணம் மிளகுப் பணமே என்பதை அப்பதவியின் பெயரே சொல்லாமற் சொல்லும்.

மற்றொரு செயலும் ஈண்டுக் கருதத் தக்கது. நிலங்கள் அளக்கப்பட்டு வகைப்படுத்தப்பட்டன. ஆண்டின் வரவு செலவுகளை முன்னரே வரையறுக்கும் பதிவுக் கணக்கு என்னும் திட்டம் ஏற்பட்டது. கோயிலுக்கு இவ்வளவு, படைக்கு இவ்வளவு, அரண்மனைக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துச் செலவிடும் ஒழுங்கு வந்தது. கணக்கில்லாத வாணிகம் கரையில்லாத ஆறு என்பதை நம்மவர் அறிவர். மன்னரும் அறிந்திருந்தார்.

மாவேலிக்கரை உடன்படிக்கை

பன்னிரண்டு ஆண்டுப் பகைக்குப் பின், 1753-இல் மாவேலிக்கரையில் ஒல்லாந்தர் மன்னரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். மிளகைக் குறித்த அளவில், குறித்த விலைக்கு மன்னர் தருவார். அதற்கு ஈடாக ஒல்லாந்தர் ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்க்கருவிகளைத் தருவர். அன்றியும், மன்னர் தாக்க விரும்பும் பிற மலையாள அரசர்களோடு தாம் கொண்டிருந்த உறவுகளினின்றும் விலகுவர். ஒரு காலத்தில் அரசர்களைப் பிரித்து வைத்துப் பயன் பெற்றோர், இப்போது மிளகு கிடைத்தாற் போதுமென்று தம் நட்பரசர்களைக் கைவிட்டனர். ஆங்கிலேயரும் அஞ்சுதெங்கில் மிளகு வாங்கித் துப்பாக்கி கொடுத்தனர். இருவரையும் ஒருவருக்கொருவர் எதிர்நிறுத்தி இருவரிடமும் விற்றமையே மன்னரின் வாணிகத் திறன்.

குடியானவன் பெற்றது யாது?

இத்துணையும் கூறியபின் ஒரு வினா எழுகின்றது. தராசு ஒல்லாந்தர் கையினின்றும் அரசர் கைக்கு வந்தது. கொடி வளர்த்தவன் கைக்கு வந்ததா?

வரவில்லை என்றே நாம் வருத்தத்துடன் கூறவேண்டியுளது. அரசு குறித்த விலை, வெளியே கிடைக்கக்கூடிய விலையிற் குறைந்தே இருந்தது. அதனாலன்றோ மிளகு இரவோடிரவாகப் பொதிமாடுகளின்மேல் ஏறி, மலைக் கணவாய்களைக் கடந்து பாண்டி நாட்டுக்குள் இறங்கியது! சவுக்கைகளும் காவலரும் இருந்தும் அக்கள்ள வாணிகம் ஓயவில்லை. ஊர் ஊராய் மிளகு திரட்டி வாழ்ந்த நாட்டு வணிகர்களும் அரசின் ஏவலராய்ச் சுருங்கினர் அல்லது மறைவழி நாடினர். அயலான் வைத்த கட்டு அறுந்தது; ஆயின் அதே கயிற்றால் மற்றொரு கட்டு விழுந்தது.

மன்னர் தரப்பில் கூறத்தக்கதும் உண்டு. அப்பணம் அயல்நாட்டுப் பங்குதாரர்க்குச் செல்லவில்லை. கோட்டையாயிற்று, படையாயிற்று, பத்மநாபசுவாமி கோயில் திருப்பணியாயிற்று, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கால்வாயாயிற்று. அவருடைய மருமகன் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில் மைசூர்ப் படையெடுப்பைத் தாங்கி நின்ற வலிமைக்கும் அது அடிப்படையாயிற்று. எனினும் பொதுநன்மை என்னும் பெயரால் ஒருவனிடம் குறைத்துக் கொடுக்கும்போது, அக்குறை எத்தனை காலம் என்று வரையறுத்தல் வேண்டும். போருக்காக ஏற்பட்ட இத்தனியுரிமை போர் ஓய்ந்த பின்னும் நீடித்தது. 1860-இல், மாதவராவ் திவானாயிருந்தபோதுதான் அது நீக்கப்பட்டு, ஏற்றுமதித் தீர்வையாக மாற்றப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள்! எத்தனை பறிப்புகள், எத்தனை குடிகள் என்று எண்ணிப் பார்மின்.

இறுதி நாட்கள்

1750-இல் மன்னர் தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கித் தம் வாளைத் திருமுன் வைத்து, இறைவனின் அடியவராக மட்டுமே ஆளத் தொடங்கினார். திருப்படித்தானம் என்று அதனைக் கூறுவர். 1756-இல் இராமய்யன் இறந்தார். தம் வலக்கை முறிந்தாற்போல் மன்னர் தளர்ந்தார். 1758-இல் அவரும் மறைந்தார். ஆங்கிலேயரோடு நட்பைக் காக்குமாறு மருமகனுக்கு அறிவுறுத்திச் சென்றார் என்பர்.

அவருடைய பத்மநாபபுரமும், உதயகிரிக் கோட்டையும், குளச்சல் துறையும் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. உதயகிரியில் தெலனாயின் கல்லறையும், குளச்சலில் வெற்றித்தூணும் நிற்கின்றன. அவ்வழிச் செல்லும் அன்பர்கள் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுக. மிளகுக் கொடி வளர்த்துத் தலைச்சுமையாய்ச் சுமந்து வந்தவனுக்கு அங்கே தூண் இல்லை. அவனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுக.

நம்முள் பலர் வாங்கி விற்கும் தொழிலினர். தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று கேட்க மார்த்தாண்டவர்மர் நமக்குக் கற்பித்தார். அத்தராசின் மறுதட்டில் நிற்பவன் யார் என்று கேட்க அவர் மறந்தார். இரண்டையும் ஒருங்கே கேட்பவனே நல்ல வணிகன் என்பது நம் துணிபு.