சித்திலெப்பையைத் தவறாக எண்ணியிருந்தேன்

கேகாலையில், தோட்டத்தை ஒட்டிய சந்தியில் வாப்பாவுக்குச் சிறு கடை. சாதாரண தரம் முடிந்ததும், உயர்தரம் படிக்க விடுதியில் சேரப் போகிறேன் என்றேன். பெரியவாப்பா மறுத்தார். சித்திலெப்பை காட்டிய இங்கிலீஷ் படிப்பு வழியே போனால் மார்க்கம் நழுவிவிடும் என்றார். நானும் அவரை வெள்ளைக்காரருக்கு வேண்டிய ஒருவர் என்றுதான் எண்ணியிருந்தேன். பதில் சொல்லத் தெரியாமல் நூலகத்தில் தேடினேன்.

1838இல் கண்டியில் பிறந்தவர். கடுகண்ணாவை மலையேறினால் வந்துவிடும் ஊர். புரொக்டர் தொழிலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்காக அலைந்தார். பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று நம்மவர்கள் அஞ்சிய காலம் அது. அதனால்தான் மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் சேர்ந்தே கிடைக்கும் சொந்தப் பள்ளிகள் வேண்டும் என்று நின்றார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று திறந்தார். மார்க்கத்தைக் கைவிட்டவர் 'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஞான நூலை எழுதியிருப்பாரா?

அரசியலிலும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 1882இல் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு, பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டதற்காக நாடுகடத்தப்பட்ட எகிப்தின் ஒறாபி பாஷா இலங்கை வந்தார். அவரோடு சித்திலெப்பை நட்புக் கொண்டார்; அவரது ஆதரவுடனேயே 1884இல் கொழும்பில் பள்ளிக்கூடமும் திறந்தார். ஆட்சியாளர் தயவை நாடுகிறவர் செய்யும் காரியமல்ல இது.

1898இல் காலமானார்.

இரவு இதையெல்லாம் பெரியவாப்பாவிடம் சொன்னேன். பெண்பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. இந்த விடுதி வரை என் பெட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான்.