தியான் சந்தும் அவரது குருவும்

ஹாக்கி என்றதும் நம் தேசத்தார் நாவில் முதலில் எழுவது தியான் சந்தின் பெயரே. 1905-ல் அலகாபாத்தில் பிறந்த அவர், 1922-ல் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேரும் வரை இவ்வாட்டத்தில் பெரிய சிரத்தை கொண்டவரல்லர். அவருக்குக் கற்பித்தவர் அதே ரெஜிமெண்டின் சுபேதார் மேஜர் பாலே திவாரி. அந்த அனுபவசாலி ஒரு வாலிபனுக்காகச் செலவிட்ட பொழுதின் பலனை 1928-ல் ஆம்ஸ்டர்டாம் கண்டது. அங்கு நம்மவர் போட்ட 29 கோல்களில் 14 தியான் சந்தினுடையவை.

1936 ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று முறியடித்த கோஷ்டிக்கு அவரே தலைவர். ஆட்டத்துக்கு முன், உடை மாற்றும் அறையில் அவர்கள் வணங்கியது யூனியன் ஜாக்கையன்று. காங்கிரஸின் மூவர்ணக் கொடியை! பதினோராண்டு கழித்து அதே தேதியில் நிகழ்ந்ததை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். பத்மபூஷண் விருதும் அடைந்தார். பின்னர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிலையத்தில் தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்து இளைஞர்க்குக் கற்பித்தார். திவாரியிடம் பட்ட கடனை இவ்விதம் தீர்த்தார் என்போம். ஆயின், ஆடிய காலத்தில் ஆரவாரித்த தேசம் கற்பித்த காலத்தில் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எழுதவே கூசுகிறோம்: 1979 டிசம்பர் 3-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியொன்றின் பொது வார்டில் அவர் உயிர் பிரிந்தது. மறைந்த பின் தபால் தலை வந்தது. அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டுத் தினமாயிற்று. பாலே திவாரிக்கோ அதுவும் இல்லை.